சீனியர் வந்துகொண்டிருக்கிறார்

நேற்றிலிருந்து எனக்கு டீ சாசரோடு வருகிறது. எங்கள் ஆபீசில் பார்ட்னர்களுக்குப் பீங்கான் கப், அடியில் சாசர். மற்ற வக்கீல்களுக்குக் காகிதக் கப், அதுவும் சூட்டில் நசுங்குகிற ஜாதி. என்னைப் பார்ட்னர் ஆக்கும் அறிவிப்பு இன்று சாயங்காலம்தான், கேக் வெட்டி, கோதண்டம் சார் நாலு வார்த்தை பேசி, எல்லோரும் கைதட்டி. ஆனால் டீ போடும் ஜெயாவுக்கு எப்படியோ முன்னாலேயே தெரிந்துவிட்டது, சாசரை வைத்துவிட்டுப் போனாள். பதினேழு வருஷம் கம்பெனிக்காரர்களின் வழக்குகளில் உழன்றதற்கு ஒரு சாசர். அதில் டீ சிந்தினால் என்ன செய்வதென்றுகூடத் தெரியவில்லை, திரும்பக் கப்பில் ஊற்றுவதா, அப்படியே உறிஞ்சிவிடுவதா. அப்பா சாசரில் ஊற்றித்தான் குடிப்பார், சத்தத்தோடு. கோதண்டம் சார் எதிரில் நான் அப்படிக் குடித்தால் அறிவிப்பை வாபஸ் வாங்கிவிடுவார். இதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்கிறேன், ஹைகோர்ட்டில் உட்கார்ந்துகொண்டு, கஞ்சி போட்ட வெள்ளைப் பட்டை கழுத்தை அறுக்க, சுவரில் இருக்கும் போர்டில் இருபத்திரண்டு என்று சிவப்பில் எரிய. எங்கள் கேஸ் முப்பத்தொன்று. மை லார்டு, அந்தப் பாக்கெட்டில் இருக்கும் குழந்தை இந்தக் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. இதுதான் என் முதல் வாக்கியம். ஒரு வாரமாகக் குளியலறையில் இதைச் சொல்லிப் பார்க்கிறேன், ஆங்கிலத்தில்தான், இங்கே எல்லாம் ஆங்கிலம்தானே. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னால் கம்பீரமாக இருக்கிறது. குழாயை மூடினால் குரல் பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது. ஏ.சி. நேராக என் தலைக்கு மேல்தான். கால் விறைக்கிறது. தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்தால் வெளியே போக வேண்டும், வெளியே போனால் நம்பர் ஓடிவிடும். குடிக்கவில்லை.

குழந்தை பின்வரிசையில், சுவரோரம், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. குழந்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. பெயர் சௌந்தரவடிவு, மதுரை. அவளுடைய அப்பா அப்பளம் போட்டு விற்றவர், பாக்கெட்டில் போட ஒரு படம் வேண்டும் என்று ஆறு வயது மகளை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், கையில் ஒரு பெரிய அப்பளத்தைக் கொடுத்துப் படம் எடுத்திருக்கிறார். சின்னப்பொண்ணு அப்பளம். தமிழ்நாட்டில் பாதி வீட்டுச் சமையலறையில் அந்தப் பல் விழுந்த சிரிப்பு இருக்கும். அப்பா போன பிறகு கம்பெனி அண்ணனுக்குப் போயிற்று, பெயரும் படமும் கம்பெனியோடு போயின, பொண்ணு மட்டும் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தாள். புருஷன் இறந்ததும் பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தானே அப்பளம் போட ஆரம்பித்து, பாக்கெட்டில் அதே படத்தை, தன் மூஞ்சியைத்தானே என்று, போட்டிருக்கிறாள். அண்ணன் கேஸ் போட்டுவிட்டான். என் வியாபார முத்திரையை என் தங்கை திருடிவிட்டாள் என்று. கோர்ட்டும் அவள் பக்கத்தைக் கேட்காமலே இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. இன்று நான் பேசி அந்தத் தடையை நீக்க வேண்டும். நீங்காவிட்டால் அவள் கடையை மூடவேண்டியதுதான், பாக்கெட் எல்லாம் மூட்டையாகக் கிடக்கிறது. முதல் தடவை ஆபீசுக்கு வந்தபோது அவளே சொன்னாள், அந்த அப்பளம் அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்ததாம், மொறுமொறுப்பாகத் தெரியவேண்டும் என்று. விரல் பொசுங்கியதாம். "சிரின்னாங்க, சிரிச்சேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், பிறகு எங்கள் ஆபீஸ் பிஸ்கட்டை எடுத்துப் பார்த்து, நமத்துப்போச்சு என்று வைத்துவிட்டாள். எனக்கு அவளை அன்றே பிடித்துவிட்டது. இருபத்து நான்கு. இருபத்து மூன்று எப்போது போயிற்று? பார்க்கவே இல்லை. யாரோ வரவில்லையாக்கும், வராவிட்டால் ஒரே மூச்சில் நாலு நம்பர் ஓடிவிடும். ஓடட்டும். இல்லை, மெதுவாக ஓடட்டும்.

நல்ல கேஸ் என்று கோதண்டம் சார் நினைக்கவில்லை. சின்ன கேஸ் என்றார். சின்ன கேஸ்தானே செண்பகம், நீயே பேசிடு, சாயங்காலம் அனௌன்ஸ்மென்ட் இருக்கு, ஒரு பார்ட்னர் தானே நின்னு பேசினாங்கன்னா பார்க்க நல்லாருக்கும். பார்க்க. எல்லாமே பார்க்கத்தான். போன மாசம் அவர் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னபோதே எனக்குள் ஏதோ இடறியது, அவர் என்னை உட்காரச் சொல்லுகிறவர் இல்லை, நான் நின்றுகொண்டே கேட்டுப் பழகியவள். சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வருகிறது, அவர்கள் வேலையெல்லாம் நமக்கு வரும்போல இருக்கிறது, ஆனால் உங்களிடம் எத்தனை பெண் பார்ட்னர்கள் என்று கேட்கிறார்கள் என்றார். "நம்மகிட்ட ஒருத்தர்கூட இல்லைன்னு சொல்றதுக்கு நல்லா இல்லம்மா." இதை அவர் வெட்கப்பட்டு, மறைத்து, சுற்றி வளைத்துச் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம். அவர் எதையும் மறைக்கவில்லை, வெளியே மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரி சொன்னார். நானும் தேங்க்யூ சார் என்றேன். என் வாய்தான் சொன்னது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, நான் இலுப்பைப்பூ. வீட்டுக்குப் போய்த்தான் வயிறு எரிந்தது. நான் ஜெயித்துக் கொடுத்த கேஸ் ஒன்றுகூட அந்தப் பேச்சில் வரவில்லையே என்று, தோசை கருகக் கருக நின்றுகொண்டிருந்தேன். முந்தாநாள் போட்டோ எடுத்தார்கள், வெப்சைட்டுக்கு. கறுப்புக் கோட்டுக்காரர்கள் ஐந்து பேர், நடுவில் நான். மேடம் நீங்க சென்டர், நீலப்புடவை பளிச்சுனு இருக்கு, கொஞ்சம் சிரிங்க, இன்னும் கொஞ்சம், பல் தெரியட்டும். பல் தெரிந்தது. அவள் கையிலாவது அப்பளம் இருந்தது. அப்புறம் லிப்டில் கோதண்டம் சார் சொன்னார், இனிமே நீ கோர்ட்டுக்கெல்லாம் அடிக்கடி அலைய வேண்டாம், கிளையண்ட் மீட்டிங், டின்னர், அதெல்லாம் பார்த்துக்கோ, கோர்ட்டுக்குப் பசங்க போவாங்க. அவர் சலுகை கொடுப்பதாகத்தான் நினைத்துச் சொன்னார். ஆக, இன்று பேசினால்தான் உண்டு. பதினேழு வருஷத்தில் ஒரு முழு கேசை நானே நின்று பேசப்போவது இன்று முதல் தடவை, இன்று சொதப்பினால் கடைசித் தடவையும் இதுதான். அப்புறம் சாசர், டின்னர், பல் தெரியும் போட்டோ.

இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது. கேசைத் தயாரிப்பது நான், பேசுவது சீனியர். அதுதான் எங்கள் ஆபீசின் வழக்கம், பெரிய கம்பெனிக்காரனுக்குப் பெரிய வக்கீலின் பெயர் வேண்டும். முக்கால்வாசி சேஷகிரி சார்தான். வெண்கலக் குரல், அழகான ஆங்கிலம், கேசைக் காரில் வரும்போதுதான் புரட்டிப் பார்ப்பார். அவருக்குப் பின்னால், இரண்டாம் வரிசையில், அவருடைய வலது காது எட்டும் தூரத்தில் என் இடம். ஜட்ஜ் ஒரு கேள்வி கேட்பார், சேஷகிரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவர் துடைத்து முடிப்பதற்குள் நான் காதில் சொல்லிவிட வேண்டும். சொல்வேன். அது அவர் வாயிலிருந்து மணியாக வரும், ஜட்ஜ் ஆகா என்பார், சேஷகிரி சார் திரும்பாமலே புத்தகத்தை என் பக்கம் நீட்டுவார், வாங்கிக்கொள்வேன். எனக்கு அவர் காதில் இருக்கும் மயிர்கூட மனப்பாடம். கெட்டவர் இல்லை. குழந்தே, குழந்தே என்பார், எனக்கு நாற்பது ஆன பிறகும். அவர் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டிருக்கும்போது எங்கள் கேஸ் வந்துவிட்டால், நான் எழுந்து நிற்க வேண்டும், பாஸ் ஓவர் மை லார்டு, சீனியர் வந்துகொண்டிருக்கிறார், என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் தள்ளிக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம். ஜட்ஜ் தலையாட்டுவார், நான் குனிந்து நன்றி சொல்லி உட்காருவேன். என் குரலில் இந்தக் கோர்ட் கேட்டதெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதுக்குக் காய்கிறது என்று நானே என்னைக் கேட்டுக்கொண்ட நாள் உண்டு. அம்மா ஒரு தடவை கோவில்பட்டியிலிருந்து வந்தாள், மகள் ஹைகோர்ட்டில் வாதாடுவதைப் பார்க்கவேண்டும் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. அன்றைக்குப் பார்த்து சேஷகிரி சார் வரவில்லை. எழுந்தேன், ஒரு வாக்கியம், உட்கார்ந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஊருக்குப் போய்த் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள், "எம் மக எந்திரிச்சு ஒத்த வார்த்தைதான் சொன்னா, ஜட்ஜு கேச அப்படியே நிறுத்திட்டாரு." இன்றுவரை தீபாவளிக்குப் போனால் யாராவது அதைச் சொல்லி என் கன்னத்தை வழிக்கிறார்கள். நான் மறுத்ததில்லை. எப்படி மறுப்பது.

இருபத்து ஏழு. சௌந்தரவடிவு அம்மாதான் சீனியர் வேண்டாம் என்றாள், சீனியர் ஃபீஸ் அவளுக்குக் கட்டுப்படியாகாது என்பது ஒரு பக்கம், ஆனால் காரணம் அது இல்லை. சேஷகிரி சாரைப் பார்க்க அழைத்துப் போயிருந்தேன், அவர் ஃபோன் பேசிக்கொண்டே கேட்டார், நடுவில் நான்தான் கதையைச் சொன்னேன். வெளியே வந்ததும் படிக்கட்டில் நின்றுவிட்டாள். "நீ சொல்றதத்தான அவரு சொல்லப்போறாரு? நீயே சொல்லிரு தாயி." இவ்வளவு சுலபமாக யாரும் இதைச் சொன்னதில்லை, எனக்கு அந்தப் படிக்கட்டில் கண் கலங்கிவிட்டது, கண்ணில் தூசி என்றேன். சேஷகிரி சாரை நாங்கள் விட்டதும் அண்ணன்காரன் பிடித்துக்கொண்டான். அதனால் இன்று அவர் எதிர்ப்பக்கம். இதில் தவறு ஒன்றும் இல்லை, அவருக்கு நாங்கள் கேஸ் கொடுக்கவே இல்லையே. இதோ வந்துவிட்டார், முதல் வரிசைக்கு. முதல் வரிசை சீனியர்களுக்கு, எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆனால் யாரும் மீற மாட்டார்கள். காலையிலிருந்து நான் துணிந்து முதல் வரிசை ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், பேசப்போகிறவள்தானே என்று. கௌனின் சரசரப்பு கேட்டதும் என் கால்கள் எழுந்துவிட்டன. நான் எழவில்லை, கால்கள் எழுந்தன. அவர் தேங்க்யூ குழந்தே என்று என் சூடு ஆறாத நாற்காலியில் உட்கார்ந்தார், நான் இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டேன், அவருடைய வலது காதுக்கு நேராக. பழகின இடம். இங்கே வந்ததும் நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் அடங்கியது, அதுதான் எனக்குக் கேவலமாக இருக்கிறது.

இருபத்தொன்பது. மை லார்டு, அந்தப் பாக்கெட்டில் இருக்கும் குழந்தை. நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்தது, ஆறு வயதுக் குழந்தை தன் முகத்தை யாருக்கு எழுதிக்கொடுத்தது, எப்போது கொடுத்தது. ஜட்ஜ் கேட்பார், முத்திரை பதிவாகியிருக்கிறதே. ஆகியிருக்கிறது, மை லார்டு, அப்பா பெயரில், மகளைக் கேட்காமல். ஜட்ஜ் கேட்பார், இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாள். இதுதான் பயம். இதற்கு சட்டத்தில் மூன்று பதில் இருக்கிறது, மூன்றும் எனக்குத் தெரியும், ஆனால் அந்தக் கேள்வியை நினைத்தாலே யாரோ என்னைக் கேட்கிற மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாய். சும்மாவா இருந்தேன்? தயாரித்தேன், காதில் சொன்னேன், புத்தகத்தை வாங்கினேன். இருந்தது சும்மாதான். எவனும் என்னைக் கட்டிப்போடவில்லை, ஒரு தடவை எழுந்து நானே பேசுகிறேன் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்கள், தூக்கிலா போட்டிருப்பார்கள்? நாளைக்கு, அடுத்த வருஷம், பார்ட்னர் ஆன பிறகு. பார்ட்னர் ஆகியாயிற்று. உள்ளங்கை வேர்த்துக் காகித ஓரம் நமத்துவிட்டது, நமத்துப்போச்சு என்று அவள் சொன்னது நினைவு வந்து சிரிப்பு வருகிறது, கோர்ட்டில் சிரிக்கக்கூடாது. திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கோயிலில் திரை விலகக் காத்திருக்கிறவள் மாதிரி. பார்க்காதே அம்மா. அந்தப் பக்கம் பார். முப்பது. முப்பதில் யாரோ நிறையப் பேசினால் நன்றாக இருக்கும். எழுந்தார், வாய்தா கேட்டார், உட்கார்ந்தார். பாவி.

முப்பத்தொன்று என்று கூப்பிட்டது கேட்டது. கேட்டது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நான் எழுந்துவிட்டேன். எழுந்தேன், கௌன் நழுவியது, இடது கையால் ஏற்றிவிட்டேன், ஜட்ஜ் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார், முன்னால் அந்த வலது காது, என் வாயில் வாக்கியம் முழுசாக, ஈரத்தோடு, தயாராக இருந்தது. வாய் திறந்தது. பாஸ் ஓவர், மை லார்டு, சீனியர் வந்துகொண்டிருக்கிறார். தெளிவாகச் சொன்னேன். குளியலறையில் வராத கம்பீரம் அதில் இருந்தது. அரை நொடி எனக்கே என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, வழக்கம்போலக் குனிந்து நன்றிகூடச் சொல்லப் போனேன். எந்த சீனியர் என்றார் ஜட்ஜ், சாதாரணமாகத்தான் கேட்டார். அதற்கும் என்னை முந்திக்கொண்டு வாய்தான் பதில் சொன்னது. மிஸ்டர் சேஷகிரி, மை லார்டு. யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும், பெஞ்ச் கிளார்க் குனிந்துகொண்டார். சேஷகிரி சார் மெல்ல எழுந்தார். நான் இங்கேதான் இருக்கிறேன் மை லார்டு, எதிர்ப்பக்கத்தில், என்றார். சிரிப்பு அடங்கக் காத்திருந்து, என் தோழிக்குப் பழக்கதோஷம், பாஸ் ஓவர் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். அவர் கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். ஜட்ஜும் நல்லவர்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு, லஞ்சுக்குப் பிறகு கூப்பிடுகிறேன் என்றார். அப்புறம் விரலை நீட்டி எச்சரித்தார், அதற்குள் சீனியர் யாரும் வராவிட்டால் நீங்களேதான் பேசவேண்டியிருக்கும். ஒப்ளைஜ்டு, மை லார்டு, என்று நன்றி சொன்னேன். அதையும் அழகாகச் சொன்னேன். உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு.

தொடைமேல் ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் வரை பொறுக்க முடியாமல் படத்தை வெப்சைட்டில் ஏற்றிவிட்டார்களாம், வாழ்த்து மேல் வாழ்த்து, கோதண்டம் சார் கைகூப்பும் பொம்மை அனுப்பியிருந்தார். எதிலும் என் கண் நிற்கவில்லை. லஞ்சுக்கு ஜட்ஜ் எழுந்ததும் எல்லோரும் வணங்கி, கௌன்களைச் சுருட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே கலைந்தார்கள். ரெண்டு ஜூனியர் பையன்கள் என்னைத் தாண்டும்போது மட்டும் பேச்சை நிறுத்தினார்கள். இன்று சாயங்காலம் கேக் வெட்டும்போது இந்தக் கதை எனக்கு முன்னால் அங்கே போயிருக்கும், கோதண்டம் சார் சிரிக்க மாட்டார், நான் சொன்னேனே, கோர்ட்டுக்குப் பசங்க போகட்டும் என்று மட்டும் சொல்வார், எவ்வளவு நியாயமாக இருக்கும் அது. சௌந்தரவடிவு அம்மா வரிசைகளைத் தாண்டி என்னிடம் வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "ஒத்த வார்த்தைதான் சொன்ன, ஜட்ஜய்யாவே சிரிச்சுட்டாரே தாயி. நிறுத்திட்டாரா?" என்றாள். என் அம்மாவுக்குச் சொல்லாததை இவளுக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, தடை அப்படியே இருக்கிறது, நான் இன்னும் பேசவில்லை, பேச வாய் திறந்தபோது வேறு ஏதோ வந்துவிட்டது, மத்தியானம் மறுபடியும் கூப்பிடுவார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடையவில்லை, ஏமாந்த மாதிரியும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே என் கையிலிருந்த ஃபோனை எட்டிப் பார்த்தாள். நடுவில் நீலப்புடவை, பல் தெரிய. ஃபோனை வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு தாயி சிரிக்கச் சொன்னது?" என்றாள்.

நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றேன். அவள் பையிலிருந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். ஹாலில் யாரும் இல்லை, ஏ.சி.யை நிறுத்திவிட்டார்கள். நான் கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, முதல் வரிசைக்குப் போய், காலையில் விட்டுக்கொடுத்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பசித்தது, தண்ணீர் தவித்தது, வெளியே போகவும் வேண்டியிருந்தது. போகவில்லை. எழுந்து போனால் திரும்பி வரும்போது கால் தன்பாட்டுக்கு இரண்டாம் வரிசைக்குப் போய்விடும் என்று பயமாக இருந்தது.